நம் காற்றின் வழியே இன்னொரு காற்றைப் பார்ப்பது

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏதோ ஒரு கோளில் எதையோ கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குப் பூராவும் அதே பேச்சுதான். 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளில் உயிருக்கான தடயம் தெரிகிறது என்று ஒரு செய்தி ஓடியதே, அதைப் பழைய மாணவர்கள், ஒன்றுவிட்ட மச்சான், உரக்கடைக்காரர் என்று ஆளாளுக்கு எனக்கு அனுப்பினார்கள். சந்தோஷம்தான். அந்தத் தடயம் இன்னும் உறுதியாகவில்லை, கண்டுபிடித்த கேம்பிரிட்ஜ் குழுவே அது மூன்று சிக்மா அளவுக்குத்தான், அதாவது கண்டுபிடிப்பு என்று அடித்துச் சொல்லப் போதாத உறுதிக்குத்தான், தேறுகிறது என்று சொன்னது, அதே தரவை எடுத்துப் பார்த்த மற்ற குழுக்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். என் ஆதங்கம் வேறு. விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், தரையில் நின்றுகொண்டே, இந்தப் பூமியின் காற்றையும் தாண்டி, வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளின் காற்றைப் பிரித்துப் படிக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். எனக்கு அதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். கோடையில் வீட்டில் எல்லாருக்கும் மாடியில்தான் படுக்கை. ஒரு ராத்திரி சித்தப்பா படுத்தபடியே கேட்டார், அவர் குறுவை, சம்பா, தாளடி என்று ஆயுசு முழுக்க வயலிலேயே இருந்தவர். "ஏம்பா, அங்க ஒரு கோள் இருக்குறதே கண்ணுக்குத் தெரியாதுங்குற. அப்புறம் அதுல காத்து இருக்கு, அந்தக் காத்துல இரும்பு இருக்குன்னு எப்படிப்பா சொல்றாங்க?"

"வெளிச்சத்த வச்சுத்தான் சித்தப்பா."

"அது தெரியுது. எப்படின்னு சொல்லு."

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன், கொஞ்சம் கூடுதல் விவரத்தோடு.

சில கோள்கள் சுற்றிவரும்போது நமக்கும் தங்கள் நட்சத்திரத்துக்கும் நேர் நடுவில் கடந்து போகும். அப்போது நட்சத்திரத்தின் ஒளி ஒரு துளி குறையும். சூரியன் அளவுள்ள நட்சத்திரத்தை வியாழன் அளவுள்ள கோள் மறைத்தால் 100-ல் 1 பங்கு குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் 10,000-ல் 1 பங்குகூடக் குறையாது. கோளைச் சுற்றிக் காற்று இருந்தால் நட்சத்திரத்தின் ஒளியில் ஒரு சிறு பகுதி அந்தக் காற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவந்து நம்மிடம் சேரும். அந்தக் காற்றில் சோடியம் இருந்தால் சோடியத்துக்கே உரிய மஞ்சள் நிறத்தில் கோள் சற்றுக் கூடுதலாக மறைக்கும், நீராவி இருந்தால் அகச்சிவப்பில் அதற்குரிய இடங்களில் கூடுதலாக மறைக்கும். ஆக, ஒவ்வொரு நிறத்திலும் கோள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்தால் அங்கே காற்றில் என்னென்ன இருக்கின்றன என்று படித்துவிடலாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நட்சத்திரத்துக்கு மிக அருகில் சுற்றி வெந்து உப்பிப்போன வியாழன் வகைக் கோள்களிலேயே இந்த வித்தியாசம் 10,000-ல் 1 பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும்.

இதைத் தரையிலிருந்து அளக்க வேண்டும். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று என்ன பாடுபடுத்தும் என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வானமே கிடையாது. மார்கழி, தையில் வானம் திறந்தாலும் பத்து மணிக்கெல்லாம் பனி இறங்கி லென்ஸ் நனைந்துவிடும். மாசியிலிருந்து வைகாசி வரை கிடைக்கும் ராத்திரிகள்தான் நமக்கு வரும்படி, அதிலும் கடல் காற்று ஏறி வந்தால் நட்சத்திரம் ஒரு இடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். அழகாக இருக்கிறது என்று நாம் ரசிக்கிற அந்தச் சிமிட்டல்தான் அளவெடுப்பவனுக்கு முதல் எதிரி.

இரண்டாவது எதிரி இன்னும் மோசம். நாம் அங்கே தேடுகிற நீராவியும் மீத்தேனும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இங்கேயே இருக்கின்றன. நூற்றைம்பது வருடம் வெற்றிடத்தில் ஓடி வந்த ஒளி, நம்மைத் தொடுவதற்கு முன்னால் கடைசியாகக் கடக்கிற சில பத்துக் கிலோமீட்டரில், நம் காற்றின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் வருகிறது. அதுவும் பல மடங்கு தடிப்பாக. போதாக்குறைக்கு அகச்சிவப்பில் பார்த்தால் நம் காற்றும், தொலைநோக்கியின் உடம்பும்கூடத் தாங்களாகவே ஒளிரும். அதனால்தான் உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் மேட்டைத் தேடிப் போய் உட்கார்ந்திருக்கின்றன: சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் பாரனால் 2,635 மீட்டர் உயரம், ஹவாயில் மௌனா கீ ஏறக்குறைய 4,200 மீட்டர், நம் லடாக்கின் ஹான்லே 4,500 மீட்டர். அங்கேயும் காற்று இருக்கிறது. குறைவு, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் தரையிலிருந்து இது முடியவே முடியாது என்றுதான் தோன்றும். ரொம்ப நாள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பாருங்கள், எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம் அதுதான்.

பாமணி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில், ஆடி மாதம் தண்ணீர் வந்த புதிதில், மதகு ஓரம் நின்று பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நூறு குச்சிகள் தெரியும். எது தரையில் நட்ட குச்சி, எது மிதந்து வந்த குச்சி என்று ஒரே ஒரு புகைப்படத்தில் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். நட்டது நிற்கும், மிதப்பது நகரும். தொலைநோக்கியில் பதிவாகும் நிறமாலையிலும், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையிலும், இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை விழுங்கிய இடம் அதில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். நம் காற்று நம்மோடுதான் இருக்கிறது, அதனால் அதன் கோடுகள் ராத்திரி முழுக்க அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். நட்சத்திரமும் கிட்டத்தட்ட அசையாது, அது நொடிக்குச் சில பத்து அல்லது சில நூறு மீட்டர்தான் ஆடும். கோள் அப்படியில்லை. எச்டி 209458பி என்ற கோள் தன் நட்சத்திரத்தை நொடிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நம் பக்கம் வரும்போது அதன் கோடுகள் நீலப் பக்கம் தள்ளிப்போகும், விலகும்போது சிவப்புப் பக்கம். அது நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளேயே, நம் பார்வைக் கோட்டில் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நம்மை நோக்கி என்பதிலிருந்து 15 கிலோமீட்டர் விலகி என்று மாறிவிடும். ஆகவே நிற்கிற கோடுகளை எல்லாம் கணினியில் வகுத்துத் தள்ளிவிட்டு, நகர்கிறதை மட்டும் மிச்சம் வைத்தால், அது கோளின் காற்று.

மிச்சம் வைத்தாலும் ஒரு தனிக் கோடு கண்ணுக்குத் தெரியாது, இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுக்கு 2.3 மைக்ரோமீட்டர் பக்கம் ஒரு கோடு இல்லை, வரிசையாக ஏராளமான கோடுகள், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி இயற்பியல் விதிப்படி நிர்ணயமானது. அந்த வரிசையின் மாதிரியைக் கணினியில் தயாரித்து, தரவின் மேல் வைத்து, ஒவ்வொரு வேகத்துக்கும் நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறார்கள். சரியான வேகம் வந்ததும் எல்லாக் கோடுகளும் ஒன்றாகக் கூடி ஒரு குரல் கொடுக்கும்.

2010-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இக்னாஸ் ஸ்னெல்லனின் குழு இதைச் செய்துகாட்டியது. பாரனாலில் இருக்கும் 8.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் கிரைரெஸ் என்ற அகச்சிவப்பு நிறமாலைமானி, ஒளியை 100,000-ல் 1 பங்கு வித்தியாசம் வரை பிரிக்கக்கூடியது. அதே எச்டி 209458பி-யை ஒரே ராத்திரியில் சுமார் ஐந்து மணி நேரம் பதிவு செய்தார்கள். கார்பன் மோனாக்சைடு கிடைத்தது. கிடைத்தது மட்டுமல்ல, அந்தக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்கு நீலப் பக்கம் விலகியிருந்தன. அதாவது அந்தக் கோளில் சுட்டெரிக்கும் பகல் பக்கத்திலிருந்து ராத்திரிப் பக்கத்துக்குக் காற்று வீசுகிறது, நொடிக்கு 2 கிலோமீட்டர், மணிக்கு 7,000 கிலோமீட்டர். 2018 நவம்பரில் கஜா புயல் நம் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனை லட்சம் தென்னை சாய்ந்தது என்று நமக்குத் தெரியும். அந்தக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. இது 7,000. சித்தப்பா இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நூற்றைம்பது ஒளியாண்டுக்கு அப்பால் வீசும் காற்றின் வேகத்தைத் தரையிலிருந்து அளந்திருக்கிறார்கள். இதை ஏன் நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடவில்லை என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு வேலை வேகமெடுத்தது. 2012-ல் டௌ பூட்டிஸ்பி என்ற கோள். இது தன் நட்சத்திரத்தை மறைப்பதே இல்லை, சாய்வாகச் சுற்றுகிறது. 1996-லேயே கண்டுபிடித்திருந்தாலும் அதன் சரியான எடை தெரியாமல் கிடந்தது. அதன் பகல் பக்கத்திலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடின் சுவட்டை இதே முறையில் பிடித்து, சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, வியாழனைப் போல் ஆறு மடங்கு எடை என்று சொன்னார்கள். 2014-ல் பீட்டா பிக்டோரிஸ்பி. அந்தக் கோளின் கோடுகள் அகன்று தெரிந்தன, ஏனென்றால் கோள் தன்னைத்தானே சுற்றும்போது ஒரு ஓரம் நம்மை நோக்கி வருகிறது, மறு ஓரம் விலகுகிறது. அந்த அகலத்திலிருந்து அதன் சுழற்சி வேகம் நொடிக்கு 25 கிலோமீட்டர், அதன் ஒரு நாள் சுமார் 8 மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். வேறொரு நட்சத்திரத்தின் கோளில் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று மனிதன் அளந்தது அதுதான் முதல் தடவை.

சித்தப்பா கேட்ட இரும்பு விஷயத்துக்கு வருகிறேன். வாஸ்ப்-76பி கோள் 640 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் ராத்திரி. பகல் பக்கத்தில் வெப்பம் 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல். இரும்பு அங்கே ஆவி. 2020-ல் பாரனாலின் எஸ்பிரெஸ்ஸோ நிறமாலைமானியை வைத்து ஜெனீவாவின் டாவிட் எரன்ரைக் குழு பார்த்தபோது, பகல் முடிந்து ராத்திரி தொடங்கும் ஓரத்தில் இரும்பு ஆவி தெரிந்தது, ராத்திரி முடிந்து விடியும் ஓரத்தில் தெரியவில்லை. அப்படியானால் ராத்திரிப் பக்கத்தில் இரும்பு குளிர்ந்து மழையாகப் பெய்திருக்க வேண்டும் என்றார்கள். இரும்பு மழை என்ற பெயரில் செய்தி உலகம் சுற்றியது. பின்னால் வேறு சிலர், மேகமோ இரண்டு ஓரங்களின் வெப்ப வித்தியாசமோ இருந்தாலும் இதே சுவடு வரும் என்று மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு இந்த மறுப்புகளைப் படிக்கத்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் தரவு எங்கே முடிகிறது, நம் ஊகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவைதான் காட்டிக்கொடுக்கின்றன.

2025 பிப்ரவரியில் வந்த வாஸ்ப்-121பி முடிவு அதைவிட ஒரு படி மேலே. பாரனாலின் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியையும் ஒன்றாக எஸ்பிரெஸ்ஸோவுக்குள் விட்டுப் பார்த்தார்கள். கீழ் அடுக்கில் இரும்பு பகலிலிருந்து ராத்திரிப் பக்கம் நகர்கிறது, அதற்கு மேல் சோடியத்தைச் சுமந்துகொண்டு கோளைச் சுற்றி ஓடும் வேகமான காற்றோட்டம், அதற்கும் மேலே ஹைட்ரஜன். இதுவரை காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம், இப்போது எந்த உயரத்தில் எந்தக் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று அடுக்கடுக்காகக் கேட்கிறோம்.

ஜேம்ஸ் வெப்பால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். அதன் நிறமாலைமானிகள் சில ஆயிரத்தில் 1 பங்கு வரைதான் பிரிக்கும். இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி எடையிலும் அளவிலும் பெரிது, அசையாத தளமும் மாறாத வெப்பநிலையும் கேட்கும், அதை ராக்கெட்டில் ஏற்றுவது பெரும்பாடு. தரையில் இருப்பதைப் பழுதுபார்க்கலாம், ஐந்து பத்து வருடத்தில் கழற்றிவிட்டு இன்னும் நல்லதாக ஒன்றை மாட்டலாம். மறுபக்கம், நிற்கிற கோடுகளை வகுத்துத் தள்ளும்போது கோளின் மொத்தப் பிரகாச அளவும் சேர்ந்தே போய்விடும், அந்த விஷயத்தில் விண்வெளித் தொலைநோக்கியை மிஞ்ச முடியாது. ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வேண்டும்.

இதில் நம்மால் கையால் தொடக்கூடிய பகுதி எது என்றால், அந்த முதல் படி, கோள் கடக்கும்போது ஒளி குறைவதைப் பதிவு செய்வது. எங்கள் மாடியிலேயே செய்திருக்கிறோம். திருவோண நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் வடக்கே எச்டி 189733 என்று ஒரு மங்கலான நட்சத்திரம், வெறும் கண்ணுக்குத் தெரியாது, 65 ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றும் கோளுக்கு ஒரு வருடம் என்பது 2.2 நாள். கடந்து போகும்போது 100-ல் 2-க்கும் சற்று அதிகமாக ஒளி குறைகிறது, கடக்க எடுக்கும் நேரம் இரண்டு மணிக்கும் சற்றுக் குறைவு. வைகாசியில் அது விடியற்காலையில் உச்சிக்கு வரும்.

மாடித் தளம் பகல் பூராவும் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க மேலே விட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சூடு மேலே எழும்பித் தொலைநோக்கி முன்னால் காற்றைக் கலக்கும். அதனால் பொழுது சாயும்போதே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தளத்தை ஆற வைப்போம், அப்புறம் ஈரம் காயும் வரை காத்திருப்போம். 80 மில்லிமீட்டர் லென்ஸ், வானத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு தாங்கி, கறுப்பு வெள்ளைக் கேமரா, மடிக்கணினி. கேமராவைக் கூர்மையாகக் குவிக்கக் கூடாது, வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கலாக வைக்க வேண்டும். நட்சத்திரம் ஒரே புள்ளியில் விழாமல் நிறையப் புள்ளிகளில் பரவினால்தான் அளவு நம்பகமாக வரும். பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு படம், விடியும் வரை. தனியாக அந்த நட்சத்திரத்தை மட்டும் அளந்தால் ஒன்றும் பிரயோஜனமில்லை, மெல்லிய மேகம் வந்தாலே எல்லாம் போச்சு. அதே படத்தில் பக்கத்தில் இருக்கும் சாதாரண நட்சத்திரங்கள் இரண்டு மூன்றையும் அளந்து வகுக்க வேண்டும். மேகம் வந்தால் எல்லாமே சேர்ந்து மங்கும், வகுத்தால் அது கழிந்துவிடும், கோள் கடந்தால் இது ஒன்றுதான் மங்கும்.

வரைபடம் கணினித் திரையில் புள்ளி புள்ளியாக வரும். புள்ளிகள் சிதறியிருக்கும், ஒன்றும் புரியாது. ஐந்தைந்து புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்ததும் நடுவில் தரை தட்டையான ஒரு பள்ளம். கூட இருந்த பையன், இப்போது பொறியியல் படிக்கிறான், "சார், இறங்குது சார், இறங்குது" என்று கத்தியதில் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

இதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். எக்ஸோகிளாக் என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பப்போகும் ஏரியல் தொலைநோக்கி நூற்றுக்கணக்கான கோள்களின் காற்றை ஆராயப்போகிறது. எந்தக் கோள் எந்த நிமிடத்தில் கடக்கும் என்ற கணக்கு பிசகாமல் இருக்க, உலகம் முழுக்க ஆர்வலர்கள் எடுத்த பதிவுகளை அவர்கள் வாங்கிச் சேர்க்கிறார்கள். அடுத்த நட்சத்திரத்தை வைத்து வகுக்கும் அதே உத்தியைத்தான் 2010-ல் பாரனாலின் பெரிய தொலைநோக்கியிலும் கையாண்டு, ஜிஜே 1214பி என்ற சிறிய கோளைச் சுற்றி மேகமில்லாத ஹைட்ரஜன் காற்று கிடையாது என்று ஜேக்கப் பீன் குழு சொன்னது. கண்ணாடிதான் பெரிது, கணக்கு ஒன்றுதான்.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அது பள்ளிப் புத்தகத்தில் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. நமக்கு ஒரு ராத்திரிப் பயணம், வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. நிலவில் காற்று இல்லை என்றால் நட்சத்திரம் சட்டென்று அணையும், காற்று இருந்தால் படிப்படியாக மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவு செய்து, கனிமீடுக்கு மெல்லிய காற்று இருக்கிறது என்று அறிவித்தார்கள். 1979-ல் வாயேஜர் போய்ப் பார்த்தபோது காற்று அவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை, பல மடங்கு குறைவு என்று தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது. எண் மாறியது, வழி மாறவில்லை: பின்னால் இருக்கும் நட்சத்திர ஒளியை வைத்து முன்னால் இருக்கும் காற்றை அறிவது. 1977-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதும் காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசுவாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட ராத்திரி அது. அங்கே இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் வந்தது, இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது.

இன்னும் பின்னால் போனால் 1868 ஆகஸ்ட் 18. குண்டூரில் முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த ஜான்சென் என்ற வானியலாளர் சூரியனின் ஓரத்து ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்தக் கிரகணத்தில் சோடியத்தின் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே, அதோடு ஒட்டாமல், ஒரு மஞ்சள் கோடு பதிவானது. அதுதான் ஹீலியம். பூமியில் கிடைப்பதற்கு 27 வருடம் முன்னாலேயே சூரியனில் கிடைத்த பொருள். இதே ஹீலியத்தை 2018-ல் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் காற்றில் பிடித்தார்கள், ஸ்பெயினின் காலர் ஆல்டோவில் இருக்கும் 3.5 மீட்டர் தொலைநோக்கியிலிருந்து, 1,083 நானோமீட்டரில். வாஸ்ப்-69பி என்ற கோளிலிருந்து ஹீலியம் தப்பித்து, கோளுக்குப் பின்னால் நீண்டு வழிந்துகொண்டிருக்கிறது. நட்சத்திரத்தின் வெப்பத்தில் ஒரு கோள் தன் காற்றை இழந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறோம். 3.5 மீட்டர் என்பதைக் கவனியுங்கள். எச்டி 189733பி-யின் சோடியத்தை 2015-ல் தெளிவாகக் காட்டிய ஹார்ப்ஸ் கருவி சிலியில் மாட்டியிருப்பதும் 3.6 மீட்டர் தொலைநோக்கியில்தான். நம் உத்தராகண்டின் தேவஸ்தலில் இருப்பதும் 3.6 மீட்டர். கண்ணாடியின் அளவு நமக்குத் தடை இல்லை. பின்னால் மாட்டும் நிறமாலைமானியில் தொடர்ந்து காசையும் ஆளையும் போட்டால் இந்தத் துறையில் நாம் முன்வரிசையில் உட்காரலாம் என்பது என் திடமான எண்ணம்.

ஆக்சிஜன்? எல்லாரும் கடைசியில் கேட்பது இதுதான். சிலியில் செர்ரோ ஆர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் விட்டத்தில், 798 கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து, ஐரோப்பியர்கள் ஒரு தொலைநோக்கி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் நாடு பங்குதாரராக இருக்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கான கண்ணாடித் துண்டுகளை மெருகேற்றும் கூடம் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோசகோட்டேயில் இருக்கிறது. ஐரோப்பியத் தொலைநோக்கி வந்தபின் அதன் இலக்குகளில் ஒன்று, நமக்கு மிக அருகில் 4.2 ஒளியாண்டில் இருக்கும் ப்ராக்சிமா நட்சத்திரத்தின் கோள். ஆக்சிஜனின் கோடுகள் 760 நானோமீட்டரில் கூட்டமாக இருக்கின்றன, நம் காற்றின் ஆக்சிஜனும் அதே இடத்தில்தான் மறைக்கிறது. இங்கேயும் நகர்வுதான் கை கொடுக்கும். ப்ராக்சிமா நம்மை நோக்கி நொடிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது, அது போக பூமி சூரியனைச் சுற்றுவதால் வருடத்தில் சில மாதங்கள் நாம் அதை நோக்கிப் போவோம், சில மாதங்கள் விலகுவோம். இரண்டும் சேர்ந்து அந்தக் கோளின் ஆக்சிஜன் கோடுகளை நம் கோடுகளின் இடுக்கு வழியே வெளியே தள்ளும் மாதமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா, காற்றே இருக்கிறதா என்பது இப்போதைக்குக் கேள்விதான். கேட்கும் வழி மட்டும் கையில் இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, இதைப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன். எச்டி 209458பி-யில் சோடியம் இருப்பதாகத் தரையிலிருந்து 2008-ல் வந்த ஒரு முடிவு, புதிதாகத் தொலைநோக்கியில் நேரம் வாங்கி எடுத்தது இல்லை. ஹவாயில் சுபாரு தொலைநோக்கி முன்பே எடுத்து வைத்திருந்த பழைய பதிவை மறுபடி அலசி எடுத்தது. 2020, 2021-ல் வேறு குழுவினர், நட்சத்திரம் சுழல்வதாலேயே அதே மாதிரி ஒரு பொய்த் தடம் வரும், அது கோளின் சோடியம்தானா என்று கேள்வி எழுப்பினார்கள். இந்த வாதத்தில் கலந்துகொள்ள பாரனாலுக்குப் போக வேண்டியதில்லை. பாரனாலை நடத்தும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் பதிவுகள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகின்றன. ஒரு சுமாரான மடிக்கணினி, பைதான் என்ற நிரல்மொழி, இணைய இணைப்பு, இவ்வளவும் இருந்தால் திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்தபடியே ஹார்ப்ஸ் எடுத்த நிறமாலையைத் திறக்கலாம். முதலில் எச்டி 189733பி-யை எடுங்கள், அதன் சோடியக் கோடு ஆரம்பிப்பவர்களுக்கும் பிடிபடும் அளவுக்குத் தெளிவானது. கோள் கடப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள், கடக்கும்போது எடுத்தவற்றை அதனால் வகுங்கள், வகுப்பதற்கு முன் நம் காற்றின் நீராவிக் கோடுகளை நீக்க மறந்துவிடாதீர்கள், 589 நானோமீட்டர் பக்கம் அவை நிறைய உண்டு. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதுங்கள், நான் பயன்படுத்தும் நிரலை அனுப்பிவைக்கிறேன்.